இளம் முகவரை நம்பலாமா?

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் ரயில் பாதையில், தருமாவரம் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு பாகாலா. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இத்தகைய ஊரில் ஓய்வு பெற்ற ஒருவர் வசிப்பதாகக் கொள்வோம். அவருடைய வைப்புத்தொகை அடுத்த மாதம் முதிர்வடைகிறது. இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் வீட்டிற்கு வந்து, மனைப்பிரிவின் வரைபடத்தைக் காட்டி, "ஐயா, இந்த விலைக்கு இனி கிடைக்காது" என்கிறார். பேச்சில் பணிவு இருக்கிறது. தெரிந்த குடும்பத்துப் பிள்ளையும்கூட. ஆனாலும், "வாழ்நாள் சேமிப்பை இவர் சொல்லை நம்பிக் கொடுக்கலாமா?" என்று பெரியவர் தயங்குகிறார்.

தயக்கம் நியாயமானதே. ஆனால் அதற்கு வயதைக் காரணமாக்குவது சரியன்று. முகவரிடம் நாம் எதிர்பார்ப்பவை இரண்டு: உண்மை பேசுதல், தொழிலை அறிந்திருத்தல். நரைத்த தலை இவ்விரண்டிற்கும் உறுதி அளிப்பதில்லை. நேர்மையானவரே ஆயினும், விவரம் அறியாத முகவரால் நமக்கு இழப்பு நேரலாம். ஆகவே எவற்றை ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்கலாம், எவற்றிற்கு அவர் சொல்லைச் சார்ந்திருக்க வேண்டும் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் விதிக்கும் கடமை

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் ஆந்திரத்திற்கும் பொருந்தும். பொதுவாக 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்பவர், அத்திட்டத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அத்தகைய மனைகளை விற்றுத் தரும் முகவரும் தம் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். முன்பதிவின்போது, வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்வது அவருடைய சட்டப்பூர்வமான கடமை. எனவே ஆவணம் கேட்பதை அவநம்பிக்கை என்று கருதிக் கூச்சப்பட வேண்டியதில்லை. இரு எண்களையும் ஆணையத்தின் இணையதளத்தில் நாமே சரிபார்க்கலாம். தனி ஒருவர் தம் பழைய மனையை விற்கும்போது இப்பதிவு எண்கள் இல்லாதிருக்கலாம். அப்போது பின்வரும் ஆய்வு இன்னும் இன்றியமையாததாகிறது.

நாமே பார்க்க வேண்டியவை

மூல ஆவணங்களின் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, 'மீ பூமி' தளத்தில் காணப்படும் அடங்கல் மற்றும் 1-பி பதிவுகள், மனைப்பிரிவுக்கான ஒப்புதல் ஆகியவற்றைப் பெற வேண்டும். பத்திரப் பதிவுக்குத் தடை செய்யப்பட்ட நிலங்களின் 22-ஏ பட்டியலில் அந்தப் புல எண் உள்ளதா என்றும் காண வேண்டும். நிலமற்ற ஏழைகளுக்கு அரசு வழங்கிய நிலத்தை இப்பகுதியில் டி.கே.டி. பட்டா நிலம் என்பர். அதனைக் கைமாற்றுவதற்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. பிற்காலத் திருத்தங்கள் குறிப்பிட்ட மனைக்குப் பொருந்துமா என்பதை வழக்குரைஞரே கூற வேண்டும். முகவரின் வாய்மொழி போதாது.

வில்லங்கச் சான்றும் முழுமையான காப்பன்று. பதிவான பரிவர்த்தனைகளையே அது காட்டும். பதிவாகாத வாரிசு உரிமையையும், பெரும்பாலும் நிலுவையிலுள்ள வழக்கையும் காட்டாது. ஆகவே மனைக்கு நேரில் சென்று, அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பது அவசியம். ஆவணங்கள் தெலுங்கில் இருப்பின், அம்மொழி அறிந்த, இவ்விற்பனையில் ஆதாயமில்லாத ஒருவரைக் கொண்டு படித்தறிதல் நன்று.

இளைஞரை அளக்கும் கேள்விகள்

"ஓர் அங்கணம் எத்தனை சதுர அடி?" என்று கேளுங்கள். இவ்வளவை சில இடங்களில் 36 சதுர அடி. வேறு சில இடங்களில் 72 சதுர அடி. இருபது அங்கணம் என்று பேசிய மனை 720 சதுர அடியாகவும் இருக்கலாம், 1,440 சதுர அடியாகவும் இருக்கலாம். தொழில் அறிந்த இளைஞர், எந்தக் கணக்கு என்பதை உடனே தெளிவாக்கி, சதுர அடியிலேயே எழுதித் தருவார்.

"இம்மனையில் உள்ள குறை என்ன?" என்றும் கேளுங்கள். குறையே இல்லை என்பவரைவிட, பாதை குறுகல், மழைக்காலத்தில் நீர் தேங்கும் என்று சொல்பவர் நம்பத்தக்கவர். தெரியாத ஒன்றைத் "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூறி, சொன்ன நாளில் விடையுடன் வருபவருக்கு அனுபவம் குறைவாயிருப்பினும் பொறுப்பு இருக்கிறது. "இன்று மாலைக்குள் முன்பணம் தர வேண்டும்" என்று அவசரப்படுத்துபவர் எந்த வயதினராயினும் விலகிவிடுங்கள்.

பணம் செல்லும் வழி

முன்பணத்தை முகவரின் கையிலோ கணக்கிலோ தராமல், விற்பவரின் வங்கிக் கணக்கிற்கே அனுப்புங்கள். நில விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில், பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்திற்கு மேல் விற்பவர் பெறலாகாது. முகவரின் தரகுத் தொகையையும் அது தரப்படும் நாளையும் முன்னதாகவே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடன் வாங்கும் எண்ணமிருப்பின், முன்பணம் தருவதற்கு முன்பே ஆவண நகல்களுடன் வங்கிக் கிளையை அணுகலாம். உரிமை தெளிவாக இல்லை என்று வங்கி கடன் தர மறுத்தால், அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் துன்பம் தரும் என்பது அதன் முடிவு. பாகாலாவின் பெரியவருக்கும் அதுவே வழி. ஆவணங்கள் தேறி, இளைஞரும் கேள்விகளுக்கு நேராக விடை அளித்தால், வயதைக் காரணம் காட்டி அவரை ஒதுக்கவோ, பேசிய தரகைக் குறைக்கவோ வேண்டாம். ஆவணங்கள் தேறாவிடில், தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்பதற்காக ஒரு ரூபாயும் தர வேண்டாம்.