‘சரி’ என்ற சொல்லும் ஒரு விமான விபத்தும்

ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்துவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் காதில் விழுவது வேறு. கருத்தில் பதிவது வேறு. 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் நிகழ்ந்த விமான விபத்து இதற்குத் துயரமான சான்று. மொழி பயிலும் மாணவன் என்ற முறையில் அதனை இங்கு ஆராய விழைகிறேன்.

ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகளுள் ஒன்று டெனரீஃப். அன்று அண்டைத் தீவான கிரான் கனாரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. எனவே அங்குச் செல்ல வேண்டிய விமானங்கள் டெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் நிலையத்திற்குத் திருப்பி விடப்பட்டன. அங்கு ஓடுபாதை ஒன்றே. பக்கப்பாதையையும் விமானங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆகவே, புறப்படும் விமானம் ஓடுபாதையின் மீதே மறுமுனைவரை ஊர்ந்து சென்று, திரும்பி நின்று, பின்னர்ப் பறக்க வேண்டியதாயிற்று.

நெதர்லாந்து நாட்டின் கே.எல்.எம். விமானம் முதலில் சென்று முனையில் திரும்பி நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் விமானம் அதே பாதையில் பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் போயிங் 747 வகையைச் சேர்ந்தவை. அப்போது மேகம் தரையோடு படிந்தது. கோபுரத்திலிருந்தோர்க்கு இரு விமானங்களும் தெரியவில்லை; விமானிகளும் ஒருவரையொருவர் காண இயலவில்லை. தரையைக் காட்டும் ராடாரும் அங்கு இல்லை. வானொலிப் பேச்சு ஒன்றே துணை.

விமானம் கிளம்ப இரண்டு அனுமதிகள் வேண்டும். எவ்வழியே, எவ்வளவு உயரத்தில் செல்வது என்று கூறும் வழித்தட அனுமதி ஒன்று. ஓடுபாதையில் ஓடி மேலெழுவதற்கான அனுமதி மற்றொன்று. கே.எல்.எம். துணை விமானி, தாங்கள் புறப்பட ஆயத்தமாக இருப்பதையும் வழித்தட அனுமதிக்குக் காத்திருப்பதையும் ஒரே மூச்சில் தெரிவித்தார். கோபுரம் தந்ததோ வழித்தட அனுமதி மட்டுமே. ஆனால் ‘டேக்-ஆஃபுக்குப் பின் வலப்புறம் திரும்புக’ என்று அதனுள்ளும் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் வந்துவிட்டது. துணை விமானி அதனைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் தலைமை விமானி விமானத்தைக் கிளப்பிவிட்டார்.

துணை விமானி இறுதியாகக் கூறியது, ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்பதாகும். ‘கிளம்பிக்கொண்டிருக்கிறோம்’ என்பது அவர் கருத்து. அவருடைய தாய்மொழியின் வினை அமைப்பு இவ்வாங்கிலத் தொடரில் புகுந்துவிட்டது என்று மொழியியலார் சிலர் விளக்குவர். கோபுரத்திலிருந்தவரோ, ‘கிளம்பும் இடத்தில் நிற்கிறோம்’ என்று பொருள் கொண்டார். ‘ஓ.கே.’ என்றார். சற்று நிறுத்தி, காத்திருக்குமாறும், பிறகு அழைப்பதாகவும் கூறினார். அதே நொடியில் பான் ஆம் விமானியும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அறிவித்தார். இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதிக் கீச்சொலியாயின. கே.எல்.எம். அறையில் தெளிவாகக் கேட்டது ‘ஓ.கே.’ மட்டுமே!

இதன் பின்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. பாதையை விட்டு விலகியதும் தெரிவிப்பதாகப் பான் ஆம் கூறியதைக் கேட்ட கே.எல்.எம். விமானப் பொறியாளர், ‘அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?’ என்று வினவினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகக் கூறினார். அவர் அந்நிறுவனத்தின் மூத்த விமானி. பிறருக்குப் பயிற்சி தருபவர். பொறியாளர் மீண்டும் கேட்கவில்லை. சில நொடிகளில் மோதல் நிகழ்ந்தது. கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும், பான் ஆம் விமானத்தில் 335 பேரும், ஆக 583 பேர் மாண்டனர். பான் ஆம் விமானத்தில் 61 பேர் உயிர் தப்பினர்.

இதன் பின்னர் வானொலிப் பேச்சு முறை திருத்தப்பட்டது. கிளம்ப அனுமதி தரும்போதும், அதனை நீக்கும்போதும் மட்டுமே ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் வரலாம்; மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே கூற வேண்டும். ‘ஓ.கே.’ என்று மட்டும் விடையிறுத்தல் போதாது. கட்டளையின் முக்கியப் பகுதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐயம் எழுந்தால் இளையவர் தயங்காமல் கேட்கவும், மூத்தவர் அதற்குச் செவிசாய்க்கவும் விமானக் குழுவினருக்குப் பயிற்சி அளிக்கும் முறையும் வளர்ந்தது.

நம் தமிழில் ‘சரி’ என்ற சொல்லும் இத்தகையதே. ‘கேட்டேன்’, ‘புரிந்தது’, ‘ஒப்புகிறேன்’, ‘அப்படியே செய்’ என்ற நான்கிற்கும் அது பொருந்தும். வகுப்பில் ஆசிரியர் ‘புரிந்ததா?’ என்று கேட்கும்போது, புரியாமலே ‘சரி ஐயா’ என்று நாம் தலையசைப்பதில்லையா? அதனால் உயிர் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் நாளை நம்முள் சிலர் மருத்துவமனையிலோ, மின் நிலையத்திலோ, இருப்புப்பாதையிலோ பணியாற்றக்கூடும். அங்கு, ‘நீங்கள் சொன்னதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்’ என்று திருப்பிச் சொல்லும் பழக்கம் வேண்டியிருக்கும். அதனை இவ்வகுப்பறையிலேயே தொடங்குவோம்.