எல்லையூர் நூல் நிலையம்: ஒரு கிழங்கும் அதன் பல பெயர்களும்

நூல் நிலையம் என்பது நூல்களைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமன்று; வேண்டுவோர்க்கு வேண்டிய செய்தியை, வேண்டிய காலத்தில் எடுத்து வழங்கும் நிலையமாகும். அலமாரியில் நூல் இருத்தல் ஒன்று. அது வாசகரின் கைக்கு எட்டுதல் வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைப்பதே நூலக நிர்வாகத்தின் தலையாய பணி. கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இதனை நன்கு உணர்தல் வேண்டும். ஓர் எல்லைப்புறப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

இடமும் மொழியும்

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் உதியன்குளங்கரை. பாறசாலையைக் கடந்து தெற்கே சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகின்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. நிலத்தில் எல்லை வரையப்பட்டது. பேச்சில் எல்லை வரைய இயலுமோ? இருபுறத்தும் தமிழரும் உளர், மலையாளிகளும் உளர். வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் கற்றவர்களும் இத்தகைய பகுதியில் உண்டு.

நூல் நிலையங்களின் அமைப்போ இருபுறத்தும் வேறுபட்டது. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியுடன் தண்டப்படும் நூலக வரியைக் கொண்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் நூலகங்களை நடத்துகின்றன. கேரளத்தில் ஊர் மக்களே சங்கமாகக் கூடி நூலகங்களை நடத்தும் மரபு வலுவானது. பி. என். பணிக்கரின் முயற்சியால் 1945இல் 47 நூலகங்களுடன் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் தோன்றியது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் இத்தகைய ஊர் நூலகங்கள் மாநில நூலகக் கவுன்சிலுடன் இணைக்கப்பெற்று உதவித்தொகை பெறுகின்றன. முன்னது அரசின் ஒழுங்கு. பின்னது மக்களின் ஊக்கம். இரண்டும் வேண்டுவனவே, எனினும், எல்லையூர் வாசகரின் சிக்கலை இவற்றுள் எதுவும் தானாகத் தீர்த்துவிடாது.

ஒரு வினா வருகின்றது

இப்பகுதியின் முக்கிய உணவுப் பயிர்களுள் ஒன்று மரவள்ளி. அதன் இலைகள் மஞ்சள் தேமல் படர்ந்து, சுருங்கி, உருக்குலைவதைக் கண்ட உழவர் ஒருவர் விளக்கம் தேடி நூல் நிலையத்திற்கு வருகின்றார் எனக் கொள்வோம். அவர் “மரச்சீனி” என்கின்றார். அவர் அண்டை வீட்டார் “கப்பக்கிழங்கு” என்பார். தமிழ் வேளாண்மை நூலில் இருப்பதோ “மரவள்ளி”. சேலத்தில் அச்சான சிறுநூலாயின் “குச்சிக்கிழங்கு” என்றும் இருக்கக்கூடும். ஆராய்ச்சிக் கட்டுரையில் “கஸாவா”. பயிர் ஒன்றே, பெயர்கள் ஐந்து. வாசகர் ஒரு பெயரால் தேட, நூல் வேறொரு பெயரில் உறங்கும்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. மரவள்ளித் தேமல் ஒரு வைரஸ் நோய். வெள்ளை ஈக்கள் அதனைப் பரப்புகின்றன. நோயுற்ற செடியின் குச்சியை வெட்டி நட்டாலும் அது புதிய செடிக்குச் செல்கின்றது. நோய் பற்றிய செடியைக் குணமாக்க மருந்தில்லை. நோயற்ற குச்சியைத் தேர்ந்து நடுதலே தலைசிறந்த காப்பு. இச்செய்தி நடவுக்கு முன் கிடைத்தால் பயன்; நட்டபின் கிடைத்தால் ஏறக்குறைய பத்து மாத உழைப்பிற்குக் கேடு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இயங்கி வருகின்றது. அறிவு அதே மாவட்டத்தில் உளது. அதற்குச் செல்லும் வழியே தேவைப்படுகின்றது.

அரங்கநாதன் காட்டிய நெறி

சீர்காழியைச் சேர்ந்தவரும், கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவருமாகிய எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றின் கருத்தை நம் எடுத்துக்காட்டில் பொருத்திக் காண்போம்.

முதல் விதி, நூல் பயனுக்கே உரியது என்பது. பூட்டிய அலமாரி இதற்கு மாறானது. இரண்டாவது, வாசகர் எவராயினும் அவருக்குரிய நூலை அளித்தல். “நீர் எம்மொழி பேசுவீர்?” என்று கேட்பது போதாது, “எவ்வெழுத்தில் படிப்பீர்?” என்று கேட்டல் வேண்டும். எவ்வெழுத்தும் அறியாதவருக்குப் படித்துச் சொல்லுதல் கடமை. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரைத் தேடித் தருதல்; ஆராய்ச்சி நிலையத்தின் சிறுநூல் வந்தவுடன் அதனை உழவர் காணும் இடத்தில் வைப்பது இதன்பாற்படும். நான்காவது, வாசகரின் காலத்தை வீணாக்காமை. நடவுக் காலம் நூலகருக்காகக் காத்திராது. ஐந்தாவது, நூலகம் உயிர்ப்பொருள்போல் வளர்வது. புதிய வினா புதிய நூலை வேண்டி நிற்கும்.

பின்னர், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து நோக்கும் வழியையும் அவர் காட்டினார். அதன் பயன் எளியது. உழவர் வந்தால் மூன்று வினாக்கள் கேட்கலாம்: எப்பயிர்? எவ்வுறுப்பு? என்ன தீங்கு? மரவள்ளி, இலை, தேமல் என விடை அமைந்தவுடன் தேடவேண்டிய இடம் தெளிவாகும்.

பட்டியலைத் திருத்தும் வகை

பொருட்பட்டியலில் ஒரு பெயரைத் தலைப்பாக நிலைநாட்டுக. “மரவள்ளி” என்று கொள்வோம். மரச்சீனி, கப்பக்கிழங்கு, குச்சிக்கிழங்கு, கஸாவா என்னும் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை எழுதி, “மரவள்ளி காண்க” எனக் குறித்திடுக. தலைப்பு அட்டையில் “மானிஹாட் எஸ்குலெண்டா” என்னும் தாவரவியற் பெயரையும் சேர்த்தல் நன்று. மொழிகள் மாறினும் அப்பெயர் மாறாது. மலையாள எழுத்திலும் ஓர் அட்டை வைத்து, இருமொழி நூல்களையும் ஒருங்கே குறித்திடல் வேண்டும்.

இன்று கணிப்பொறிப் பட்டியல்கள் வந்துள்ளன. ஆயினும் தொடர்புடைய பெயர்களை முன்னரே இணைத்து வைக்காவிடின், கணிப்பொறியும் கேட்ட சொல்லை மட்டுமே தேடி, “நூல் இல்லை” என்று விடை கூறிவிடக்கூடும். கருவி மாறினும் கடமை மாறவில்லை.

செய்து பார்க்க

1. உங்கள் ஊரில் பத்துப் பயிர்களுக்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் மாணவரைக்கொண்டு தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் தாவரவியற் பெயரைச் சேர்த்து நூலகருக்கு அளியுங்கள்.

2. நூல் நிலையத்தில் வினாப் பதிவேடு ஒன்று வைக்கச் செய்யுங்கள். விடை கிடைக்காத வினாக்களே அடுத்து வாங்கவேண்டிய நூல்களைக் காட்டும்.

3. நடவு மாதங்களுக்கு முன்னரே, அந்தந்தப் பயிருக்குரிய நூல்களை வாசலருகே எடுத்து வையுங்கள்.