இடப்பக்கம் எங்கே போயிற்று?

பக்கவாதத்திலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்களின் குடும்பத்தார், மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் அடிக்கடி கூறும் முறையீடு ஒன்று உண்டு. தட்டின் வலப்பக்கத்துச் சோற்றை உண்டுவிட்டு, இடப்பக்கத்தில் மீனும் பொரியலும் அப்படியே இருக்க, "இன்னும் பசிக்கிறது" என்கிறார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் உண்கிறார். முகத்தின் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்துகொள்கிறார். இடப்பக்கம் நின்று அழைக்கும் மனைவியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கண் மருத்துவரோ பார்வையில் குறையில்லை என்கிறார். அப்படியானால் இது பிடிவாதமா, வேண்டுமென்றே செய்வதா என்று கேட்கிறார்கள்.

பிடிவாதம் அன்று. கண் கண்டதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாத நிலை இது. மருத்துவத்தில் இதனை ஒருபக்கப் புறக்கணிப்பு என்பர். இதனைப் புரிந்துகொள்ள, மூளை இடத்தை எவ்வாறு அறிகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். (தமிழில் 'இடம்' என்ற ஒரே சொல் இருக்குமிடத்தையும் இடப்பக்கத்தையும் குறிக்கிறது. இந்நோயில் அவ்விரண்டும் ஒருங்கே தொலைகின்றன.)

விழியில் விழும் காட்சி முதலில் தலையின் பின்புறத்திலுள்ள பிடரிமடலைச் சென்றடைகிறது. அங்கிருந்து அது இரு வழிகளாகப் பிரிகிறது என்பதை 1982இல் அங்கர்லைடர், மிஷ்கின் என்னும் இரு ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். ஒரு வழி பொட்டுமடலை நோக்கிக் கீழே இறங்கி, காண்பது என்ன என்று அறிகிறது. மற்றொன்று உச்சிமடலை நோக்கி மேலே ஏறி, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு தொலைவில் உள்ளது, கையை எப்படி நீட்டினால் எட்டும் என்று கணிக்கிறது. காட்சியையும் இடத்தையும் இணைத்துச் சிந்திக்கும் அறிவுக்கு இந்த இரண்டாம் வழியே முதுகெலும்பு.

நம் பகுதியில் இவ்வறிவைக் கொண்டே பிழைப்போர் ஏராளம். துறைமுகத்தில் உயரத்துக் கூண்டில் அமர்ந்து, ஆடும் கண்டெய்னரை டிரெய்லரின் மீது பிசகாமல் இறக்கும் கிரேன் ஓட்டுநர். நெரிசல் மிகுந்த எண்ணூர் சாலையில் நீண்ட டிரெய்லரைப் பின்னோக்கி எடுப்பவர். கரையிலுள்ள இரு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக் கடலில் தம் இடத்தைக் கண்டறிந்த காசிமேட்டு மூத்த மீனவர். ஜி.பி.எஸ். கருவி வந்தபின் இந்த வித்தை குறைந்துவருகிறது. எழுத்துத் தேர்வுகள் இவ்வறிவுக்கு மதிப்பெண் இடுவதில்லை. அதனாலேயே இது அறிவன்று, வெறும் பழக்கம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணத்தை நாங்கள் ஏற்பதில்லை.

இத்துறைக்கும் இராயபுரத்துக்கும் ஓர் உறவும் உண்டு. உலகறிந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். இரு கண்களின் தனித்தனிக் காட்சிகளிலிருந்து மூளை ஆழத்தை எவ்வாறு உணர்கிறது என்பது குறித்த அவருடைய கட்டுரை 1972இல், அவர் மாணவராயிருந்தபோதே, 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னாளில் அவர் குழுவினர் புறக்கணிப்பு நோயாளர் சிலரின் வலப்பக்கம் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இடப்பக்கத்திலுள்ள பொருள் அதில் தெரியுமாறு செய்தனர். அதை எடுக்கச் சொன்னபோது, கண்ணாடி என்று அறிந்திருந்தும், அந்நோயாளர் கண்ணாடிக்குள்ளேயே கையை நீட்டினர். இடப்பக்கம் என ஒன்று அவர்களுக்கு இல்லாததால், பொருள் அங்கிருக்கக்கூடும் என்ற எண்ணமே எழவில்லை.

மூளையின் வலப்பாதி இருபக்கமும் கவனம் செலுத்த வல்லது; இடப்பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தையே கவனிக்கிறது. ஆகவே இடப்பாதி பழுதானால் வலப்பாதி ஓரளவு ஈடுசெய்கிறது. வலப்பாதி பழுதானாலோ இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை. மேலும், இது ஒரே ஓரிடத்தின் வேலையன்று. உச்சிமடலையும் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடலையும் நீண்ட நரம்புக் கற்றைகள் இணைக்கின்றன. மடல்கள் நலமாயிருந்து இக்கற்றைகள் மட்டும் அறுபட்டாலும் புறக்கணிப்பு தோன்றலாம். மின்நிலையமும் கிரேனும் நன்றாயிருக்க, இடையிலுள்ள கேபிள் அறுந்தால் சரக்கு அசையாதல்லவா? ஸ்கேன் படத்தில் பழுது சிறிதாகத் தெரிந்தும் நோயாளரின் இடர் பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புறக்கணிப்பு கண் முன் உள்ளவற்றோடு நிற்பதில்லை, நினைவுக்குள்ளும் புகுகிறது. 1978இல் இத்தாலியில் பிசியாக், லுசாட்டி ஆகியோர் மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தை மனத்தில் கண்டு விவரிக்குமாறு நோயாளர்களைக் கேட்டனர். ஒரு முனையில் நிற்பதாக எண்ணியபோது வலப்பக்கக் கட்டடங்களையே கூறினர். எதிர்முனையில் நிற்பதாக எண்ணச் சொன்னதும், முன்பு விட்டவற்றைக் கூறி, முன்பு கூறியவற்றை விட்டனர். நம்மவர் ஒருவரைக் காசிமேட்டிலிருந்து வடக்கே எண்ணூர் நோக்கிச் செல்வதாக எண்ணச் சொன்னால், வலப்பக்கக் கடலைப் பற்றி மட்டும் சொல்லக்கூடும். திரும்பித் தெற்கே வருவதாக எண்ணச் சொன்னால், வீடுகளையும் கடைகளையும் சொல்லிக் கடலையே மறந்துவிடக்கூடும். அவர் நினைவு அழிந்துவிடவில்லை. நினைவின் ஒரு பாதியை எட்டிப்பார்க்க இயலவில்லை.

இணைப்புகள் மட்டும் போதா. அவற்றினூடே செய்தி செல்ல வேதிப்பொருள்கள் வேண்டும். விழிப்பைத் தருவது நார்அட்ரினலின். 1998இல் ராபர்ட்சன் குழுவினர், ஓர் எச்சரிக்கை ஒலியைக் கேட்ட கணத்தில் நோயாளர்களின் புறக்கணிப்பு சிறிது நேரம் நீங்குவதைக் கண்டனர். சோர்ந்த மாலையில் மோதி விழுபவர், நன்கு உறங்கி எழுந்த காலையில் தெளிவாக நடப்பதன் காரணம் இதனால் விளங்கும். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த அசெட்டைல்கோலின் துணைசெய்கிறது. அல்சைமர் நோயில் இது குறைகிறது. பல்லாண்டு நடந்த தெருவிலேயே வழி தவறுவது அந்நோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் சிலவும் இதன் செயலைத் தடுத்து முதியோரைக் குழப்பத்தில் ஆழ்த்தக்கூடும். எனவே எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். டோபமைன் குறைந்த பார்க்கின்சன் நோயாளர், குறுகிய வாயிற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடுவதைச் சிலர் கண்டிருப்பீர்கள்.

நரம்பணுக்களின் நலத்தைக் காட்டும் என்-அசெட்டைல் ஆஸ்பார்டேட் என்னும் பொருளையும் இன்று எம்.ஆர். நிறமாலைச் சோதனையால் உடலைக் கீறாமல் அளக்கலாம். நலமானவர்களின் மூளையில் அதன் அளவுக்கும் சிந்தனைத் தேர்வுகளில் அவர்கள் பெறும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. தொடர்பு என்பது காரணம் ஆகாது. 'அறிவை வளர்க்கும்' என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் பொடிகளுக்கு இவ்வாய்வுகள் சான்றாகா.

இனி வீட்டில் செய்யத்தக்கவை. தட்டின் இடவோரத்திலும் நாளிதழின் இடவோரத்திலும் சிவப்பு நாடா ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் அங்கிருந்தே படிக்கத் தொடங்கட்டும். முதலில் அவருக்கு நேரெதிரே நின்று பேசி, பேசியவாறே மெல்ல இடப்பக்கம் நகருங்கள். அவர் பார்வை பின்தொடரும். இடக்கையைச் சிறிதேனும் அசைக்க முடிந்தால் அசைக்கச் செய்வது அப்பக்கத்தின் மீது கவனத்தை ஈர்க்கும். பயிற்சி காலையில், கால் மணி நேரம் போதும். அழைப்பு மணி, குடிநீர், கைபேசி ஆகியவை வலப்பக்கமே இருக்கட்டும். பயிற்சி என்ற பெயரில் அவற்றை இடப்பக்கம் வைத்துத் தவிக்கவிட வேண்டாம். அடுப்பும் வெந்நீரும் இடக்கைக்கு அருகில் இருத்தல் ஆகாது. சுட்டாலும் அவர் உணராமல் இருக்கக்கூடும். கடிந்துகொள்வதால் பயனில்லை, தமக்குக் குறை உண்டென்பதே அவருக்குத் தெரியாதிருக்கலாம். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் மிகுதியாக இருக்கும். சிலருக்கு அதன் பின்னும் தொடரும்.

அவ்வறியாமை மற்றொரு தீங்கையும் விளைக்கிறது. மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கும்போது பலருக்குப் பேச்சு தெளிவாகவே இருக்கும். "எனக்கு ஒன்றுமில்லை, சற்றுப் படுத்தால் சரியாகும்" என்பர். வீட்டாரும் நம்பிவிடுகின்றனர். குழாயில் தண்ணீர் பிடிக்கையில் இடக்கையிலிருந்து குடம் நழுவினாலோ, வாய் ஒருபக்கம் கோணினாலோ, திடீரென ஒரு பக்கத்தையே கவனியாமல் இருந்தாலோ, அவர் மறுத்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் இட வேண்டும். அறிகுறி தோன்றிய நேரத்தை, அல்லது அவர் கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தைத் தாளில் குறித்துக் கொண்டுவாருங்கள்.

பணிக்குத் திரும்புவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கையும் காலும் வலுப்பெற்றதும் வண்டியோட்டவும் கடலுக்குச் செல்லவும் ஆவல் எழுவது இயல்பே; வீட்டின் வருவாயும் அதையே நம்பியிருக்கும். ஆனால் கால் நடப்பதும் மூளை இடப்பக்கத்தைக் கவனிப்பதும் வேறு வேறு. கடிகாரம் வரையச் சொல்லுதல், நீண்ட கோட்டின் நடுவைக் குறிக்கச் சொல்லுதல், தாள் முழுதும் சிதறிய வடிவங்களில் ஒன்றை மட்டும் அடிக்கச் சொல்லுதல் முதலிய எளிய சோதனைகளை மறுவாழ்வுப் பிரிவில் செய்கிறோம். பன்னிரண்டு எண்களும் கடிகாரத்தின் வலப்பாதியிலேயே நெருக்கியிருந்தால், ஸ்டியரிங்கும் கிரேன் கூண்டும் இன்னும் காத்திருக்க வேண்டும். தாளில் தேறியவருக்கும், பேசிக்கொண்டே செய்யும்போது குறை வெளிப்படுவதுண்டு. ஆகவே இரண்டாம் சுற்றில் பேச்சுக் கொடுத்தவாறே சோதிக்கிறோம். அதற்கு வரும்போது அவரது மூக்குக்கண்ணாடியையும், அவரோடு நாள்தோறும் இருக்கும் ஒருவரையும் உடன் அழைத்துவாருங்கள்.