மூத்தோர் எழுதி வைத்த வம்சாவளி: பேணலும் தொடர்தலும்

திருகோணமலைப் பகுதியிலே கல்லில் வெட்டப்படாத கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று கவிராஜவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு. மற்றையது, ஒருவர் சிவபதமடைந்த 31ஆம் நாளில் குடும்பத்தார் அச்சிட்டு வழங்கும் நினைவு மலர். அதனையும் மக்கள் 'கல்வெட்டு' என்றே அழைப்பர். யார் எவ்வூரிலிருந்து வந்தவர், எக்குடியைச் சேர்ந்தவர், அவர்க்குரிய கடமை யாது என்பதை மறவாது வைத்தலே இரண்டினதும் நோக்கமாகும்.

கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டு மன்னன் செய்த திருப்பணிகளைக் கூறுவதோடு அமையாது, ஆலயத் தொழும்புக்கெனச் சோழநாட்டு மருங்கூர் முதலிய இடங்களிலிருந்து வருவிக்கப்பட்ட தானத்தார், வரிப்பத்தார் குடிகளின் கடமைகளையும் வகுத்துரைக்கின்றது. மதுரையிலிருந்து வந்த தனியுண்ணாப் பூபாலன் பற்றியும் அதிற் காணலாம். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். ஆலயம் தரைமட்டமான பின்னரும் இன்னார் இன்ன தொண்டுக்கு உரியவர் என்ற நினைவு மறையவில்லை. தம்பலகாமம் ஆதிகோணநாயகர் ஆலயத்திலே அம்மரபு தொடர்ந்தது. சுவடியைப் படியெடுத்துப் படியெடுத்துக் காத்தவர்கள் இருந்தமையும் அதற்கொரு காரணம் எனலாம்.

ஒருவர் தேடியதை மற்றொருவர் காப்பது என்பதற்கு இம்மண்ணிலேயே நல்ல சான்று உண்டு. திருகோணமலைப் புலவர் வே. அகிலேசபிள்ளை (1853–1910) தலவரலாற்றைத் தேடித் 'திருக்கோணாசல வைபவம்' எழுதினார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் அவருடைய மகனாரே அதனை நூலாக வெளிக்கொணர்ந்தார். தகப்பனாரின் கையெழுத்துப் பிரதி வெறுங் கடதாசிக் கட்டாக எண்ணப்பட்டிருந்தால் இன்று அந்நூல் ஏது?

இன்றும் பல வீடுகளிலே ஒரு பெரியப்பாவோ அம்மம்மாவோ பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதிய வம்சாவளி கிடக்கின்றது. கிடந்தது என்றே பல வீடுகளிற் சொல்ல வேண்டும். 1990இலும் 2006இலும் உடுத்த உடையோடு ஊரைவிட்டு ஓடியவர்கள் பலர். 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோள் கரையோர வீடுகளைப் பெட்டி பேழையோடு அள்ளிச் சென்றது. எஞ்சியிருப்பதைப் பிள்ளைகள் விரைந்து கையிலெடுத்தல் வேண்டும்.

முதலாவது, மூலக் கொப்பியில் எவரும் எதையும் திருத்தலாகாது. பிழையென்று தோன்றினும் அப்படியே இருக்கட்டும். பசைநாடா ஒட்டுவதும் பிளாஸ்ரிக் உறையிட்டு உருக்கி மூடுவதும் கடதாசியைக் கெடுக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து, பிரதியொன்றை வேற்றூரில் உள்ள உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். வெள்ளமோ தீயோ ஒரு வீட்டுக்கு வந்தால் மற்ற வீட்டிலுள்ளது மிஞ்சும். பழைய நிழற்படங்களின் பின்புறத்தில் இருப்பவர் பெயரை மென்மையாகப் பென்சிலால் எழுதி வைத்தல் நன்று. மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.

தொடர்ச்சியைப் புதிய கொப்பியிலேயே எழுத வேண்டும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதை ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் குறித்தல் அவசியம். குளக்கோட்டன் காலத்தைக் கோணேசர் கல்வெட்டு கலியுகம் 512 என்கிறது. ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. ஆயினும் மரபு மரபாகவே காக்கப்பட்டது. பாட்டனார் "மருங்கூரிலிருந்து வந்தோம்" என்று எழுதியிருந்தால் அது அவர் கேட்ட செய்தி. காணி உறுதியிற் கண்ட பெயரோ ஆவணச் செய்தி. இரண்டையும் கலந்துவிட்டால் பின்வருவோர்க்குப் பிரித்தறிய வழியில்லை.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்? பிறப்பு, இறப்புப் பதிவு 1897 முதல் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய தலைமுறைக்குச் சாதக ஓலைகள், நொத்தாரிசு முடித்த உறுதிகள், சீதன உறுதிகள் துணைசெய்யும். தமிழரிடையே தகப்பன் பெயரே முன்னெழுத்தாகி ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுவதால், முன்னெழுத்தை மட்டும் எழுதாது முழுப்பெயரையும் எழுதுக. கடற்படைத் துறைமுகத்தில் வேலைக்கென வந்து குடியேறிய குடும்பங்கள் தங்கள் முன்னோரின் உத்தியோகக் கடிதங்களையும் சேர்த்து வைக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் மின்வடிவில் பேணி வருகின்றது. ஆனால் உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, விலாசம் முதலியவற்றை அவர்களது சம்மதமின்றி வெளியிடுவது தகாது.

நினைவு மலர்களில் ஒரு பெருங்குறை காணப்படுகின்றது. ஆண்மக்களின் வழி நான்கு தலைமுறைக்கு விரியும். பெண்மக்களோ "இன்னாரின் மனைவி" என்ற அளவில் நின்றுவிடுவர். சீதன உறுதியைப் பார்த்தால் அப்பெண்ணின் பெயரும் தாயின் பெயரும் அதிலேயே இருக்கக்கூடும். கொப்பியைத் தொடரும் பிள்ளைகள் முதலில் நிரப்ப வேண்டிய இடம் அதுவே. அதற்குரிய விடையை அறிந்த ஆச்சிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றார்கள்.