பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் என்றாலே பயமா?

கேள்வி: மகளுக்கு கேஎல் சென்ட்ரல் அருகே வேலை. பிரிக்பீல்ட்ஸில் அறை எடுக்கிறேன் என்கிறாள். செய்திகளில் 'பிரிக்பீல்ட்ஸ் போலீஸ்' என்று அடிக்கடி படிக்கிறேன். அனுப்பலாமா?
- ஒரு தாய், கிள்ளான்

பதில்: அம்மா, அந்தப் பெயர்தான் உங்களைக் குழப்புகிறது. பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் மாவட்டம் என்பது பூக்கடையும் வாழையிலைச் சாப்பாடும் உள்ள நம் லிட்டில் இந்தியா மட்டும் இல்லை. பங்சார், ஸ்ரீ ஹர்தாமாஸ் வரை அதில் அடக்கம். ஹர்தாமாஸ் பங்களாவில் திருடு போனாலும் பேட்டி கொடுப்பவர் பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் தலைவர்தான். பழி நம் தெருவுக்கு!

இன்னொன்று, குற்ற விகிதத்தைக் குடியிருப்போர் தலைக்கணக்கில் வகுப்பார்கள். குடியிருப்போரை விட வந்துபோகிறவர்கள் பல மடங்கு அதிகமான ரயில் சந்திப்பில் அந்தக் கணக்கு உதவாது. ஆள் குறைந்த கம்பத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் காணாமல் போனாலே விகிதம் எகிறிவிடும்.

அதற்காக அசட்டையும் வேண்டாம். கைப்பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டக்கூடாது; மோட்டார் சைக்கிள் பறிப்புக்காரர்களுக்கு அதுதான் வசதி. அறை பார்க்கும்போது பகலில் ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள். அவசரத்துக்கு 999.

உண்மையில் எனக்குக் கவலை தெருவைப் பற்றியல்ல, கைப்பேசியைப் பற்றித்தான். இணைய மோசடிகள் போலீஸின் குற்றக் குறியீட்டில் சேர்வதில்லை. மோசடியில் பணம் போனால் உடனே 997-ஐ அழையுங்கள். இந்த எச்சரிக்கை கிள்ளானில் இருக்கும் உங்களுக்கும்தான்.