பழைய வயர்கட் மெஷினை ஓட வைக்கலாம்: கடலோரப் பட்டறைக்குச் சில குறிப்புகள்

கோவையிலோ அம்பத்தூரிலோ ஓடி ஓய்ந்த வயர்கட் மெஷினைக் குறைந்த விலைக்கு வாங்கி, காரைக்காலில் பட்டறை போட நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக இது. கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே தண்ணீருக்குள் தெறிக்கும் பொறிதான் இங்கே வெட்டுகிறது. கம்பி ஜாப்பைத் தொடுவதே இல்லை. ஆகவே போர்டு, மோட்டார் என்று கவலைப்படும் முன் தண்ணீரையும் கம்பி போகும் பாதையையும் கவனியுங்கள். புதியவர்களைத் திணறடிக்கும் கோளாறுகளில் பாதி அங்கேதான்.

1. மெஷினை லாரியில் ஏற்றும் முன்பே, விற்பவரின் இடத்திலேயே அதை ஓடவிட்டுப் பாருங்கள். பெனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் பாராமீட்டர் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி பேட்டரி பழசென்றால் அங்கேயே மாற்றிவிடுங்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் கரன்ட் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் பாராமீட்டர் அத்தனையும் அழிந்துவிடும். உள்ளே கைவைக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் கூட இருக்கட்டும்.

2. நேம் பிளேட்டைப் படிக்காமல் லைன் கொடுக்காதீர்கள். நம் த்ரீ பேஸ் 415 வோல்ட். ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின்கள் பல 200 வோல்ட் கேட்பவை. அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும். மெஷினுக்கென்று தனி எர்த்தும் அவசியம்.

3. பட்டறைக்கு வந்ததும் பெனலைத் திறந்து போர்டுகளைப் பாருங்கள். வெண்மையோ பச்சையோ பூத்திருந்தால் அது ஈரமும் உப்பும் செய்த வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மெயின் அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டர் வைத்து அளக்காமல் விரலை நீட்டாதீர்கள்.

4. இனி தண்ணீர். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. டாங்கின் அடியில் படிந்திருக்கும் கறுப்புச் சேற்றை முழுக்க வழித்தெடுங்கள். அதில் செம்பும் துத்தநாகமும் இருப்பதால் வாய்க்காலிலோ அரசலாற்றிலோ கொட்டக் கூடாது. காயவைத்து டிரம்மில் மூடி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். டாங்கைக் கழுவி, புது ஃபில்டர் போடுங்கள். கரையோர போர்வெல் தண்ணீர் உப்பானது. அதை நேரே ஊற்றினால் ரெசின் சீக்கிரமே செத்துவிடும். ரெசின் விலையும் அதிகம். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி, மிச்ச உப்பை ரெசின் எடுக்கட்டும். சாதாரண எஃகு வெட்ட, கடத்துதிறன் 10 முதல் 20 மைக்ரோசீமென்ஸுக்குள் நிற்பது நல்லது. கையில் டி.டி.எஸ். மீட்டர் மட்டும் இருந்தால், அதில் 10 காட்டுவது ஏறக்குறைய 20 மைக்ரோசீமென்ஸ். ரெசின் போட்டும் அளவு இறங்கவில்லையா? சென்சார் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

5. மேலும் கீழும் உள்ள கைடுகளைக் கழற்றி, அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவுங்கள். கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பைட் காண்டாக்ட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பி உரசி உரசி நூல் போல ஒரு பள்ளம் விழுந்திருக்கும். உடனே புதிது வாங்க வேண்டாம். சற்றுத் திருப்பியோ நகர்த்தியோ வைத்தால் அடுத்த முகம் கிடைக்கும். நாசில் வாய் உடைந்திருந்தால் மட்டும் தயங்காமல் மாற்றுங்கள். தண்ணீர் சிதறினால் பொறி ஒழுங்காக விழாது.

6. வருடக்கணக்கில் கிடந்து கறுத்த கம்பியைப் பழகுவதற்குக்கூடப் போடாதீர்கள். கம்பியில் கோளாறா மெஷினில் கோளாறா என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

7. முதல் ஜாப்புக்கு 10 மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டுத் துண்டு போதும். பவரைக் குறைத்து வையுங்கள். பொறி நீலமும் வெள்ளையுமாக, சத்தம் ஒரே சீராக வந்தால் நிம்மதி. சிவந்த பொறி தெரிந்தால் வெட்டுமிடத்துக்குத் தண்ணீர் போகவில்லை, கம்பி அறுந்துவிடும் என்று அர்த்தம். வெட்டும்போது கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, தொடவே தொடாதீர்கள்.

8. கம்பி அறுந்தால் சலித்துக்கொண்டு மறுபடி கோப்பதற்கு முன், அறுந்த இடத்தைப் பாருங்கள். ஜாப்புக்குள் என்றால் பவர் அதிகம் அல்லது ஃப்ளஷிங் குறைவு. காண்டாக்ட் அருகே என்றால் அது தேய்ந்திருக்கிறது. ஸ்பூல் பக்கம் என்றால் டென்ஷனையும் ரோலர்களையும் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி வைத்தால், உங்கள் மெஷினின் குணம் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

9. வெட்டி முடித்த எஃகைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். காலையில் துரு ஏறியிருக்கும். எடுத்து, துடைத்து, துரு தடுக்கும் எண்ணெய் பூசுங்கள். டேபிளுக்கும் அப்படியே.

10. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெனலுக்குள் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். நீலம் ரோஜா நிறமானால் சூடாக்கி உலர்த்தி, திரும்ப வைக்கலாம். வேலையே இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை பம்பை ஓடவிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது டெல்டாவில் எத்தனையோ ஊர்களுக்குப் பல நாள் கரன்ட் இல்லை. எச்சரிக்கை வந்ததும் புரோகிராம்களையும் பாராமீட்டர்களையும் காப்பி எடுத்துவிட்டு மெயின் ஐசோலேட்டரை இறக்குங்கள். கரன்ட் திரும்பியதும் மூன்று பேஸிலும் வோல்டேஜ் சரியாக நிற்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே ஏற்றுங்கள்.