45 பவுண்டு, எத்தனையாவது அங்குலத்தில்?

அன்புள்ள வாசகருக்கு,

மிச்சிகனில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் நீங்கள் வாங்கிய பழைய கோடியாக் ஹன்டர் வில்லின் படங்களும், கூடவே கேள்விகளும் வந்து சேர்ந்தன. 28 அங்குலத்துக்கு மேல் ஒரு நூல் இழுத்தாலும் ஒடிந்துவிடும் என்று விற்றவர் பயமுறுத்தியிருக்கிறார். 32 வரை தாராளமாக இழுக்கலாம் என்று உங்கள் கிளப் நண்பர் தைரியம் சொல்லியிருக்கிறார். இருவரும் அந்த வில்லைத் தராசில் மாட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேச்சையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ரைசரில், அதாவது வில்லின் நடுப்பகுதியில், ‘ஏ.எம்.ஓ. 60 அங்குலம், 45#’ என்று எழுதியிருக்கிறது. ஏ.எம்.ஓ. என்பது அமெரிக்காவில் வில், அம்பு செய்யும் கம்பெனிகள் அப்போது வைத்திருந்த சங்கம். அதற்கு முன்பு ஆளுக்கொரு கணக்கு இருந்தது. ஒருவர் நாணிலிருந்து வில்லின் முன்பக்கம் வரை அளப்பார், இன்னொருவர் பிடியோடு நிறுத்திக்கொள்வார். 28-ல் எடை பார்த்தவர்களும் உண்டு, 26-லேயே பார்த்து எழுதியவர்களும் உண்டு. சங்கம் இதற்கெல்லாம் ஒரே முறையைக் கொண்டுவந்தது. நாணில் அம்பு மாட்டும் இடத்திலிருந்து பிடியின் மிக ஆழமான குழிவு வரை அளக்க வேண்டும், அதோடு ஒன்றே முக்கால் அங்குலத்தைக் கூட்ட வேண்டும், எடையை அப்படி வரும் 28-ல் பார்க்க வேண்டும். ஆக, 28 அங்குலம் என்றால் நாணுக்கும் பிடிக்கும் நடுவே உள்ளபடி 26¼ அங்குலம். அந்த இடத்தில் நாண் கேட்ட விசை 45 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 20 கிலோ 400 கிராம். அந்த எண் சொல்வது இவ்வளவுதான். வில் எவ்வளவு தூரம் தாங்கும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அதுவும் அன்றைக்குப் பார்த்த எடை. உங்கள் வில்லில் கிரேலிங், மிச்சிகன் என்று ஊர்ப் பெயர் இருப்பதைப் படத்தில் பார்த்தேன். அதைச் செய்த பேர் ஆர்ச்சரி கம்பெனி டெட்ராய்டில் 1933-ல் தொடங்கியது, 1947-ல் கிரேலிங்குக்குப் போனது. 1978-ல் அங்கிருந்தும் கிளம்பி ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்குப் போய்விட்டது. எனவே அந்த வில்லுக்குக் குறைந்தது ஐம்பதை நெருங்கும் வயது இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மேப்பிள் மரத் தகடுகளின் இரு பக்கமும் கண்ணாடியிழை ஒட்டிச் செய்த இந்த வகை வில், வெறும் மரவில்லைப் போல வயதாக ஆகத் தொய்ந்துபோவதில்லை. எழுதிய எடைக்கு இரண்டு மூன்று பவுண்டு முன்பின்னாகத்தான் பெரும்பாலும் நிற்கும். பெரும்பாலும் என்பதை நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள்.

விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு போதும். அதன் கொக்கியில் நாணை மாட்டி, 24 அங்குலத்திலிருந்து ஒவ்வோர் அங்குலமாக இழுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கொக்கியிலிருந்து நாண் நழுவவே கூடாது. அம்பில்லாமல் விட்ட நாணின் அடி முழுவதும் லிம்ப்களின், அதாவது வில்லின் வளையும் இரு கைகளின், தலையில்தான் விழும். பழைய வில்கள் ஒடிந்த கதைகளில் பாதி இப்படித் தொடங்கியவை. ஆகவே ஒருவர் வில்லைப் பிடிக்க, இன்னொருவர் படிக்கட்டும்.

எண்களை வரிசையாக எழுதினால் ஒன்று தெரியும். அங்குலத்துக்கு இரண்டு, இரண்டரை பவுண்டாகச் சீராக ஏறிக்கொண்டே வரும். அப்புறம் ஓர் இடத்தில் மூன்று, நான்கு என்று எகிறும். நம் ஆட்கள் ‘ஸ்டாக் ஆகிறது’ என்பது இதைத்தான். உங்களுடையது போன்ற ரீகர்வ் வில்லில் வளைந்த நுனியின் மேல் நாண் படிந்து கிடக்கும். இழுக்க இழுக்க அந்த வளைவு விரிந்து கொடுக்கும். நுனி முழுக்க விரிந்து, நாணுக்கும் நுனிக்கும் நடுவே உள்ள கோணம் செங்கோணத்தை நெருங்கிவிட்டால், அதற்கு மேல் இழுக்கிற ஒவ்வோர் அங்குலமும் விசையை மட்டும் ஏற்றும். அம்புக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, ஒட்டுக்கும் இழைக்கும் சுமைதான் கூடும். கையிலேயே இது தெரியும், சுவரில் முட்டியது போல. அந்த இடம்தான் உங்கள் வில்லின் எல்லை. அது எங்கே வரும் என்பதை முக்கியமாக வில்லின் நீளம் தீர்மானிக்கிறது. அதே கம்பெனியின் 52 அங்குல கோடியாக் மேக்னம் என்றால் 28-ஐத் தாண்டவே நான் யோசிப்பேன். உங்களுடையது 60 அங்குலம். நல்ல நிலையில் இருந்தால் 30 வரை தயங்க மாட்டேன். 31-க்கு நானும் போக மாட்டேன், பிறரையும் போகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் இழுப்பு 30½ என்று எழுதியிருக்கிறீர்கள். அது கிளப்பின் 68 அங்குல ஒலிம்பிக் வில்லில், நாணைத் தாடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தி அளந்தது. வேட்டை வில்லைப் பிடிக்கும் முறையே வேறு. வில்லைச் சற்றே சாய்த்து, முழங்கையைத் தளர்த்தி, விரல் வாயோரம் வந்ததும் விட்டுவிடுவார்கள். அப்படிப் பிடித்தால் பலருக்கு அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை குறையும். நீளமான மெல்லிய அம்பு ஒன்றை மாட்டி, நீங்கள் இழுத்து நிற்கும்போது பிடிக் குழிவுக்கு நேராக வேறொருவர் அம்பில் பென்சிலால் கோடு போடட்டும். நாக் குழியிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, ஒன்றே முக்காலைக் கூட்டுங்கள். எப்படியும் 29½ பக்கம் வரும் என்று நினைக்கிறேன். அப்படி வந்தால் உங்கள் விரலில் 45 இருக்காது. 49, 50 பவுண்டு இருக்கும். அது உங்கள் தோளுக்குச் சம்மதமா என்பதுதான் நிஜமான கேள்வி. கிளப்பில் 34 பவுண்டு இழுப்பவர் ஒரே தாவலில் 50-க்குப் போவதை எந்தப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் 25 அங்குலம்தான் இழுக்கிறாள் என்பதால் அவளுக்கு இது 38 பவுண்டு அளவில் நிற்கும். 14 வயதில், புதிதாகக் கற்பவளுக்கு அதுவும் அதிகம். 20 பவுண்டில் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

நாண் விஷயத்தில் கஞ்சத்தனமும் வேண்டாம், ஆசையும் வேண்டாம். டேக்ரான் நாண்தான், பி-50 என்று கேட்டால் கிடைக்கும். ஃபாஸ்ட் ஃப்ளைட் போன்ற இழுபடாத நூல்கள் அம்பை வேகமாக அனுப்பும் என்பது உண்மை. ஆனால் உங்கள் வில்லின் நுனிகள் அந்த நூலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. டேக்ரான் சற்று நெகிழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், அது வாங்காவிட்டால் நுனிக்காடிதான் வாங்க வேண்டும். 60 அங்குல வில்லுக்கு நாண் 57 அங்குலம் இருக்க வேண்டும். பழைய வில் சிலவற்றுக்கு 56 சரியாக உட்காரும். நாண் ஏற்றியபின் பிடிக் குழிவிலிருந்து நாண் வரை ஏழரைக்கும் எட்டே காலுக்கும் நடுவில் இருக்கிறதா பாருங்கள்.

அம்பும் அப்படித்தான். இலேசான கார்பன் அம்பு ஒரு விதத்தில் அம்பில்லாமல் விடுவதற்குப் பக்கத்து வீடு. பவுண்டுக்கு 10 கிரெயின் என்பது பழைய வில்லுக்கு நல்ல கணக்கு. இங்கேயும் வில்லில் எழுதிய 45-ஐ வைத்துக் கணக்குப் போடக் கூடாது, உங்கள் விரலில் வரும் 50-ஐ வைத்துத்தான் போட வேண்டும். 500 கிரெயின், அதாவது முனையோடு சேர்த்து 32 கிராம்.

இனி எழுதப்போவதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும். வில்லை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வார்னிஷில் சிலந்தி வலை போல ஓடும் மெல்லிய வெடிப்புகள் வயதின் அடையாளம், பயப்பட வேண்டாம். கண்ணாடியிழையில் நீளவாக்கில் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடு பெரும்பாலும் தொந்தரவு தராது. நகத்தால் கீறிப் பார்த்து, நகம் மாட்டினால் யோசியுங்கள். குறுக்கே ஓடும் கோடு எதுவானாலும் வில்லைச் சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான். ஒரு துண்டுப் பஞ்சை லிம்ப் விளிம்புகளில் ஓட்டுங்கள். இழை பெயர்ந்திருந்தால் பஞ்சு சிக்கும். மரமும் கண்ணாடியிழையும் சேரும் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கலாம். கார் டிக்கியிலும் மொட்டை மாடி அறையிலும் பல கோடைகள் கிடந்த வில்லில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

இவற்றில் தேறினால் நாண் ஏற்றலாம். காலுக்கு நடுவே விட்டு வளைத்து ஏற்றாதீர்கள். லிம்ப் முறுக்கிக்கொள்ள அதுவும் ஒரு காரணம். கயிற்று ஸ்ட்ரிங்கர் விலை மலிவு. ஏற்றியபின் நுனியிலிருந்து பார்த்தால் நாண் இரு லிம்ப்களுக்கும் நடுவே ஓட வேண்டும். அப்படியே சில மணி நேரம் விட்டுவையுங்கள். பிறகு கண்ணாடி அணிந்து, அம்பு மாட்டி, 20 அங்குலம் வரை பலமுறை, அடுத்து 22 என்று ஏறிப் போங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் மெதுவாக இறக்கிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தில், மேல் லிம்பின் நுனிக்காடிக்கு இரண்டு விரல் கீழே ஒரு கோடு தெரிகிறது. குறுக்கே ஓடுவது போலத்தான் இருக்கிறது. பழைய நாண் உரசிய தழும்பாகவும் இருக்கலாம். அந்த இடத்தைத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். என் பதில் வரும்வரை நாண் ஏற்றாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்